நாவலில் மெய்ப்பாடு

சென்ற ஆண்டு இரண்டாந் தவணையில் உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத நாவல் ஒன்றிலிருந்து ஒரு பகுதியை நானே தமிழாக்கிப் படியெடுத்து வழங்கி, "இப்பகுதியிலே தாயின் உணர்வை ஆசிரியர் எவ்வுத்திகளால் வெளிப்படுத்துகிறார்?" என்று வினவினேன். புள்ளிகள் பத்து. இருபத்தாறு பேர் எழுதினர். இருபத்தைந்து பேர் குறியீடு, முரண், பின்னோக்கு, உருவகம் என்று நான் முன்பு சொல்லிக்கொடுத்த பெயர்களையெல்லாம் நிரல்பட எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டையும் தேடிப் பொருத்தி வைத்திருந்தனர். ஒரு மாணவி மாத்திரம் எட்டு வரி எழுதியிருந்தாள். அவற்றில் எந்த உத்தியின் பெயரும் இல்லை. பகுதியின் கடைசி வாக்கியம் ஒன்றைப் பற்றியே எழுதியிருந்தாள். "உத்திகளை இனங்காணவில்லை" என்று சிவப்பு மையாற் குறித்து, மூன்று புள்ளி இட்டேன்.

அந்த மூன்று புள்ளி என் உறக்கத்தைக் கெடுத்தது என்று எழுதினால் அது பொய்யாகும், நன்றாகவே உறங்கினேன். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளிலேதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. அதனைக் கட்டுரையின் கடைசியிற் சொல்கிறேன். அதற்கு முன், அப்பகுதி எந்த நாவலைச் சேர்ந்ததோ அந்த நாவலைப் பற்றியும், அதனைப் படிக்க எனக்குக் கைவிளக்காக நின்ற நம் பழைய இலக்கண நூலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும்.

பண்டித வகுப்பிலே நாங்கள் படித்த காலத்தில் நாவல் என்பது திண்ணையோடு இருத்தி அனுப்பப்படும் விருந்தாளி. உள்ளே அழைத்து இலை போடும் வழக்கம் இல்லை. பகல் உறக்கத்துக்கு அடுத்தபடியான குற்றம் நாவல் படித்தல் என்று கருதிய ஆசிரியர் ஒருவரிடம் நான் பாடங் கேட்டேன். அவர்பால் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆயினும், அவர் கற்பித்த தொல்காப்பியமே என்னை நாவலுக்குள் இட்டுச் சென்றது என்பதை அவர் இருந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பாரோ சினந்திருப்பாரோ அறியேன்.

மெய்ப்பாட்டியல் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன், ஆக முப்பத்திரண்டு. பண்டித பரீட்சைக்குப் படிப்போர் எல்லாரும் மனனஞ் செய்வது இது. நானும் செய்தேன். ஆயின், மெய்ப்பாடு என்ற சொல்லின் முதலில் நிற்பது 'மெய்' என்பதும், மெய் என்றால் உடம்பு என்பதும், உள்ளத்தே நிகழ்வது உடம்பிலே படுவதுதான் மெய்ப்பாடு என்பதும் அன்று எனக்குப் பொருளாகத் தெரிந்தனவே அன்றிக் காட்சியாகத் தெரியவில்லை. செய்யுளியலிலும் செய்யுளுக்குரிய முப்பத்துநான்கு உறுப்புக்களுள் ஒன்றாக மெய்ப்பாடு வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவன் இருந்து ஆராய்ந்து துருவிக் கண்டுபிடிக்க வேண்டாமலே பொருள் தானாக அவன் முன் வந்து நிற்கவேண்டும் என்பது அவ்விடத்துக் கருத்து. தலைவியின் துயரத்தைச் சொல்ல விரும்பிய சங்கப் புலவன், அவள் கைவளை கழன்றதைச் சொன்னான். துயரம் என்ற சொல்லை அவன் தேடிப் போகவில்லை.

'உத்தி' என்ற சொல் நம் வகுப்பறைகளிற் படும் பாட்டை இவ்விடத்திற் சிறிது குறிப்பிடலாம். முப்பத்திரண்டு உத்தி என்று முன்னையோர் எண்ணியது இலக்கண நூல் செய்வானுக்கு. பொருளை எவ்வொழுங்கில் வைப்பது, பிறர் கூற்றை எவ்வாறு மறுப்பது என்பன போன்ற நூல் நெறிகள் அவை. அச்சொல்லைப் பெயர்த்தெடுத்து நாவலாசிரியன் தலையிற் கட்டியவர்கள் நாம். கட்டியதிற் குற்றமில்லை. உத்தியின் பெயரைச் சொல்லிவிட்டால் உணர்வைக் கண்டுவிட்டதாக மாணவரை நினைக்கச் செய்ததே குற்றம். அக்குற்றத்தை முப்பது ஆண்டுகளாகச் செய்து வந்தவருள் நானும் ஒருவன்.

நான் எடுத்துக்கொண்ட நாவல் டோல்ஸ்டோய் எழுதிய 'அன்னா கரெனினா'. 1875 முதல் 1877 வரை 'ருஷ்யத் தூதன்' என்ற சஞ்சிகையிலே தொடராக வந்தது. எட்டாம் பாகம் மாத்திரம் சஞ்சிகையாசிரியரோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் தனியே அச்சாயிற்று. முழுநூல் வெளிவந்தது 1878இல். பீற்றர்ஸ்பேர்க் நகரத்து உயர் அதிகாரி கரெனினின் மனைவி அன்னா, விரொன்ஸ்கி என்ற இளம் படையதிகாரியிடம் மனத்தைப் பறிகொடுத்து, கணவனையும் மகனையும் பிரிந்து, ஊராரால் ஒதுக்கப்பட்டு, இறுதியிற் புகையிரதத்தின் கீழ் வீழ்ந்து மாள்கிறாள். இதன் பக்கத்திலே லெவின், கிற்றி என்ற இருவரின் இல்வாழ்க்கைக் கதையும் நடக்கிறது. ருஷ்ய மொழி எனக்குத் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவன். ஆகையால் இந்நூலின் சொல்நயம் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. செயல்நயம் பற்றிப் பேசலாம். செயல் மொழிவேலி கடந்து வரக்கூடியது.

முதலிலே காதுகளைப் பார்ப்போம். மொஸ்கோவில் விரொன்ஸ்கியைச் சந்தித்தபின் அன்னா பீற்றர்ஸ்பேர்க்குக்குத் திரும்புகிறாள். அவள் ஏறிய அதே புகையிரதத்தில் அவனும் பின்தொடர்ந்து வருகிறான். இடைவழியில் ஒரு நிலையத்திலே பனிப்புயலுக்கு நடுவே தன் எண்ணத்தையும் வெளியிட்டுவிடுகிறான். மறுநாட் காலை வண்டி நிற்கிறது. கணவன் அழைத்துச் செல்ல வந்து நிற்கிறான். அவளுடைய கண் முதலிற் சென்று படிவது அவனுடைய காதுகளில். வட்டத் தொப்பியின் விளிம்பைத் தாங்கிக்கொண்டு நிற்கும் அக்காதுகள் ஏன் இப்படி ஆயின என்று அவள் வியக்கிறாள். அவ்வளவே. கணவன்மீதிருந்த பற்று நீங்கிவிட்டது என்று ஆசிரியர் அவ்விடத்தில் எழுதவில்லை. எட்டு ஆண்டு அக்காதுகளோடு வாழ்ந்தவள் அவள். காதுகள் மாறவில்லை, கண் மாறிவிட்டது. மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் புதுமை ஒன்று என்பது இலக்கணம். என்றுமிருந்த பழம்பொருள் ஒருநாட் காலையிற் புதுமையாகத் தோன்றுவதைக் காட்டிலும் அச்சந் தரும் மருட்கை வேறென்ன உண்டு?

இதே கண்மாற்றத்தை டோல்ஸ்டோய் மகிழ்ச்சிக்கும் பயன்படுத்தியிருக்கிறார். கிற்றி தன்னை ஏற்றுக்கொண்டாள் என்ற நிறைவில் லெவின் இரவு முழுதும் உறங்காமல், உண்ணாமல், விடிந்ததும் மொஸ்கோத் தெருவில் நடக்கிறான். பள்ளிக்குச் செல்லும் சிறுவர். கூரையிலிருந்து இறங்கும் புறாக்கள். யாரோ ஒருவர் கை சன்னலில் எடுத்து வைக்கும், மாப்பூசிய உரொட்டிகள். ஒரு சிறுவன் புறாவை நோக்கி ஓடி, லெவினைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். லெவின் சிரிக்கிறான், அழுகிறான். தெருவில் நடந்தது என்ன? ஒன்றுமில்லை. எந்நாளும் எவ்வூரிலும் நடப்பது. பேக்கரிப் பாண் வாசனை வரும் எந்தத் தெருவிலும் அதைக் காணலாம்.

இனி நாவலின் முடிவிலே அன்னா அதே மொஸ்கோத் தெருக்களில் வண்டியிற் செல்கிறாள். விரொன்ஸ்கியின் அன்பு குறைந்துவிட்டது என்ற ஐயம் அவளை அரித்துக்கொண்டிருக்கிறது. கடைப் பெயர்ப்பலகைகளை வாசிக்கிறாள். எண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. இரண்டு சிறுவர் அழுக்கான ஐஸ்கிறீம் விற்பவனை நிறுத்தி வைத்திருப்பதைக் காண்கிறாள். நல்லது கிடைக்காவிட்டால் மனிதர் அழுக்கானதையேனும் விரும்புவர் என்று அவள் மனம் அதற்குப் பொருள் கூறிக்கொள்கிறது. லெவின் கண்ட சிறுவன் புறாவோடு விளையாடினான். அன்னா கண்ட சிறுவர் அழுக்கை விரும்பினர். நகரம் ஒன்றுதான். இரண்டு இடங்களுக்கும் நடுவே மூன்று பாகங்கள் கிடக்கின்றன. டோல்ஸ்டோய் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டவும் இல்லை. வாசகன் ஒப்பிட்டால் ஒப்பிடட்டும் என்று விட்டுவிட்டார். உள்ளுறை உவமத்திலே உவமையை மாத்திரம் சொல்லிப் பொருளைக் கேட்பவன் உள்ளத்துக்கு விட்டுவிடும் நம் புலவரின் நம்பிக்கை எனக்கு இங்கே நினைவுக்கு வந்தது.

பார்ப்பவரின் கண்ணிலே உணர்வைக் காட்டுவது இவ்வாறாக, ஒருவரின் மெய்யிலே தோன்றியதை மற்றொருவர் படித்தறிவது வேறொரு வகை. குதிரைப் பந்தய அத்தியாயங்களை இதற்கு இலக்கியமாகவே கொள்ளலாம். அந்தப் பந்தயம் நாவலில் இரண்டு முறை நடக்கிறது. முதன்முறை விரொன்ஸ்கியோடு குதிரை முதுகில் இருந்து பார்க்கிறோம். புரூ-புரூ என்ற அழகிய பெண்குதிரை கடைசித் தடையையும் தாண்டிவிடுகிறது. அதன் பாய்ச்சலோடு இயைந்து எழாமல் அவன் சேணத்திலே தவறிப் பின்சாய்ந்து அமர்ந்துவிட, அதன் முதுகு முறிகிறது. இரண்டாம் முறை அதே பந்தயத்தைப் பார்வையாளர் மேடையிலிருந்து பார்க்கிறோம். அங்கே கரெனின் பந்தயத்தைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெளிறிய முகம், விசிறியை இறுகப் பற்றிய கை, ஒருவனையன்றி வேறெவரையும் காணாத கண். வேறு ஒருவன் முன்னதாக விழுந்தபோது கூட்டம் பதறியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அறிய விரும்பாத ஒன்றைக் கரெனின் அம்முகத்திலே எழுத்தெழுத்தாக வாசிக்கிறான்; வாசிக்காதிருக்கவும் அவனால் முடியவில்லை. விரொன்ஸ்கி விழுந்தபோது அவள் அலறியது பெரிதன்று. பதினேழு பேர் ஓடிய பந்தயத்திற் பாதிக்கு மேற்பட்டோர் விழுந்தனர், அலறியவர் பலர். அலறலுக்குப் பின்னும் அவள் முகம் தன் நிலைக்குத் திரும்பவில்லை. அதுவே அவளைக் காட்டிக் கொடுத்தது.

மெய்ப்பாட்டியலின் கடைசிச் சூத்திரம், கண்ணாலும் செவியாலும் நுணுகி உணரவல்ல மக்களுக்கே இவை புலப்படும், ஏனையோர்க்கு எண்ணவும் அரியன என்ற கருத்துப்பட முடிகிறது. அதனை அறிஞரைப் புகழும் சூத்திரம் என்றே நான் படித்திருந்தேன். கரெனினைக் கண்டபின், நுணுகி உணர்தல் சில வேளை தண்டனையாகவும் வரும் என்று தெரிந்தது.

இக்காட்சியில் வாசகர் பலர் விரைந்து கடந்துவிடும் ஒரு செயல் உண்டு. அன்னா விம்மி அழத் தொடங்குகிறாள். கரெனின் அவள் முன்னே சென்று, பிறர் காணாதபடி தன் உடம்பால் அவளை மறைத்து நின்று, அவள் தேறுவதற்கு நேரங் கொடுக்கிறான். பின்னர், மூன்றாம் முறையாகத் தன் கையை நீட்டுவதாகச் சொல்லி அழைத்துச் செல்கிறான். கரெனினை உயிரற்ற யந்திரம் என்று சொல்லும் திறனாய்வுகளைப் படித்திருக்கிறேன். யந்திரம் மறைத்து நிற்குமா? மானத்தைக் காக்க நின்றானா, மனைவியைக் காக்க நின்றானா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது, அவனுக்கும் தெரிந்திராது. உணர்வுக்குப் பெயர் வைத்திருந்தால் டோல்ஸ்டோய் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். செயலை மாத்திரம் வைத்தமையால் இரண்டும் அங்கே நிற்கின்றன.

முதுகொடிந்த குதிரை அன்னாவின் குறியீடு என்பது எல்லாக் குறிப்புப் புத்தகங்களிலும் உள்ளது. மாணவர் இதனை எழுதினால் நானும் புள்ளி கொடுத்து வந்தேன். குதிரை எங்கே, பெண் எங்கே என்ற எண்ணம் உள்ளே உறுத்தியது உண்டு. பின்னர் ஒருமுறை படித்தபோதுதான் ஆசிரியர் இட்ட முடிச்சு கண்ணிற் பட்டது. விழுந்த குதிரையின் முன்னே விரொன்ஸ்கி நிற்கும்போது அவன் முகம் வெளிறி, கீழ்த்தாடை நடுங்குவதாக எழுதுகிறார். அதே பாகத்தில், சில அத்தியாயங்களுக்கு முன்னர், அன்னா முதன்முறை அவன் வசப்பட்டு நாணத்தாற் குன்றித் தரையிற் சரியுமிடத்திலும், அவள்முன் வெளிறிய முகத்தோடு கீழ்த்தாடை நடுங்க நிற்கிறான். ஒரே மனிதன், ஒரே மெய்ப்பாடு, இரண்டு இடம். குதிரையையும் பெண்ணையும் இணைப்பது குதிரையன்று, அத்தாடை. குறியீடு என்று எழுதிய மாணவர் எவரும் தாடையைச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்த எனக்கே தெரியாதபோது அவர்கள் எவ்வாறு சொல்வர்?

உணர்வு சொல்லிலே தோன்றும்போதும் பெரும்பாலும் தவறிய சொல்லிலேதான் தோன்றுகிறது. நான்காம் பாகத்திலே கரெனின் கடுஞ்சினத்தோடு மனைவியின் அறைக்குள் வந்து பேசுகிறான். எந்நாளும் அளந்து, எழுத்துப் பிசகாமற் பேசும் அதிகாரி அவன். தான் பட்ட துன்பத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அச்சொல் நாவிலே தடுக்கி உருச்சிதைந்து விழுகிறது. அன்னாவுக்கு முதலிற் சிரிப்பு வருகிறது. அடுத்த கணத்திலே அச்சிரிப்புக்காக வெட்குகிறாள். அதற்கடுத்த கணத்திலே, முதன்முறையாக, அவன் இடத்தில் தன்னை வைத்து இரங்குகிறாள். எள்ளல் காரணமாக நகை, அதிலிருந்து இளிவரல், அதிலிருந்து அழுகை. மூன்று மெய்ப்பாடு ஓர் எழுத்துப் பிழையிலிருந்து, நான் இதனை எழுதும் நேரத்துக்குள், தோன்றி மறைந்துவிடுகின்றன. பிழையற்ற மொழியிலே அவன் ஒரு மணிநேரம் தன் துயரத்தைச் சொல்லியிருந்தாலும் அவள் இரங்கியிருக்கமாட்டாள்.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வெட்கினாள், இரங்கினாள் என்பவற்றை டோல்ஸ்டோய் நேராகவே சொல்கிறார். உணர்வின் பெயரை ஆசிரியன் சொல்லவே கூடாது, காட்டத்தான் வேண்டும் என்று இக்காலத்து எழுத்துப் பயிற்சிப் பட்டறைகளிற் கட்டளையிடுவதைக் கேட்கிறேன். டோல்ஸ்டோய்க்கு அக்கட்டளை தெரியாது. சொல்ல வேண்டிய இடத்திற் கூசாமற் சொல்கிறார். எங்கே சொல்வது, எங்கே விடுவது என்பதிலேதான் அவர் கை இருக்கிறது.

காளான் காட்சியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம்; சுருக்கிச் சொல்கிறேன். லெவினின் தமையன் முறையான செர்கேய் இவானோவிச் பெரிய கல்விமான்; நடுவயது கடந்தும் மணமாகாதவர். கிற்றியின் தோழி வாரெங்கா அமைதியான, எவருக்கும் தொண்டு செய்யும் பெண். இருவரும் காளான் பறிக்கச் சிறுவரோடு காட்டுக்குச் செல்கின்றனர். அவளை மணக்கும்படி கேட்பதென்று அவர் முடிவு செய்து, சொற்களையும் உள்ளத்தே கோத்து வைத்துவிட்டார். அவளும் எதிர்பார்த்து நிற்கிறாள். சிறுவரை விட்டு விலகி வந்துவிட்டனர். மௌனம். அம்மௌனத்தைத் தாங்கமாட்டாமல், தன் விருப்பத்துக்கு மாறாக, அவள் காளான் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறாள். அவர் கோத்து வைத்த சொற்களை மீட்டும் நினைவுக்குக் கொண்டுவருகிறார், வாய் திறக்கிறார், வெண்காளானுக்கும் பேர்ச் மரத்தடிக் காளானுக்கும் என்ன வேற்றுமை என்று கேட்கிறார். விடை சொல்லும்போது அவள் இதழ் நடுங்குகிறது. குடையில் வேற்றுமை இல்லை, தண்டிலேதான் என்கிறாள். அக்கணமே இருவருக்கும் தெரிந்துவிடுகிறது, அது முடிந்துவிட்டதென்று. வீடு திரும்பிய கல்விமான், இளமையிலே தாம் நேசித்து இறந்துபோன ஒருத்தியின் நினைவுக்கு இரண்டகஞ் செய்யலாகாது என்று தமக்கொரு காரணமுங் கண்டுபிடித்துக்கொள்கிறார். கல்விமான்களுக்குக் காரணம் கிடைப்பது அரிதன்று.

உரையாடல் முழுவதையும் எழுதி எடுத்தால் அது தாவரவியற் பாடம். நடுங்கிய இதழ் ஒன்றை நீக்கிவிட்டால் அங்கே ஒன்றுமே நிகழவில்லை. சொல்லும் மெய்யும் ஒன்றுக்கொன்று மாறாக நிற்கும்போது மெய்யையே நம்புக என்பதை, நம் அகப்பாட்டுத் தோழி அறிந்திருந்தாள். தலைவி எதை மறைத்தாலும் அவள் நெற்றியைப் பார்த்துத் தெளிபவள் அல்லவா அவள்?

இனி மாணவர்க்கு நான் கொடுத்த பகுதிக்கு வருகிறேன். அது ஐந்தாம் பாகத்திலுள்ளது. கணவனைப் பிரிந்து விரொன்ஸ்கியோடு வெளிநாடு சென்ற அன்னா, பீற்றர்ஸ்பேர்க்குக்குத் திரும்பி வருகிறாள். மகன் செரியோஷாவிடம், தாய் இறந்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருக்கின்றனர். அவனைப் பார்ப்பதற்கு அவள் கேட்ட அனுமதி மறுக்கப்படுகிறது. அவன் பிறந்த நாள் வருகிறது. முதல்நாள் விளையாட்டுப் பொருட் கடைக்குச் சென்று பொருள்கள் வாங்குகிறாள். விடியலிலே முகத்திரையிட்டு, பிள்ளையின் ஞானத்தந்தையிடமிருந்து பரிசு கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, தன் வீட்டுக்குள்ளேயே கள்வரைப்போல் நுழைகிறாள். அரைத்துயிலில் எழுந்த பிள்ளை அவள் கையிலே சாய்கிறான். அம்மா சாகவில்லை என்று தான் நம்பியே இருந்ததாகச் சொல்கிறான். நேரம் போய்விடுகிறது. தந்தை வரும் வேளை. தந்தையிடம் அன்பாயிரு, அவர் என்னிலும் நல்லவர் என்று மகனுக்குச் சொல்லிவிட்டு விரைகிறாள். வாயிலிலே கணவன் எதிர்ப்படுகிறான். திரையை இழுத்து விட்டுக்கொண்டு ஓடிவிடுகிறாள். அத்தியாயத்தின் கடைசி வாக்கியம் விளையாட்டுப் பொருள்களைப் பற்றியது. நேற்றுக் கடையில் அத்தனை அன்போடும் துயரத்தோடும் தெரிந்தெடுத்தவற்றை வெளியே எடுக்கவும் நேரமில்லாமற் போக, அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டாள் என்பது அதன் பொருள்.

பொதியைக் குறியீடு என்று இருபத்தைந்து பேரும் எழுதியிருந்தனர். தாய்மையின் குறியீடு என்றார் சிலர். நிறைவேறாத அன்பின் குறியீடு என்றார் சிலர். பிழையன்று. அந்த ஒரு மாணவி எழுதியது வேறு. "அன்பு, துயரம் என்ற சொற்களை ஆசிரியர் நேற்றைக்குத்தான் போட்டிருக்கிறார். இன்றைக்கு ஒரு சொல்லும் போடவில்லை. கொண்டுவந்தாள் என்று மட்டும் இருக்கிறது. நேற்றுக் கடையில் நின்றபோது துயரம் சொல்லக்கூடியதாக இருந்தது. இன்று அது சொல்லக்கூடியதாக இல்லை" என்பது அவள் விடையின் சாரம்.

வாக்கியத்தின் எந்த வினைக்கு எந்த அடை பொருந்துகிறது என்று பார்த்தல் பண்டிதனின் தொழில். இலக்கணம் கற்ற என் கண்ணில் அது படவில்லை. பத்து முறையேனும் அவ்வாக்கியத்தைப் படித்திருப்பேன், தமிழாக்கியவனும் நானே. அழுகையை இரண்டாக்கி, தானே அவலித்தலும் பிறர் அவலங் கண்டு அவலித்தலும் என்று காட்டிய பேராசிரியர், அவற்றுக்கு அவலமென்றும் கருணையென்றும் பெயர் வேறுபாடும் சொல்லிச் சென்றார். அன்னாவினது அவலம், வாசகனது கருணை. இழவு என்ற நிலைக்களனை எழுத்தாளன் தன் சொற்களால் நிரப்பிவிட்டால், வாசகனது கருணை சென்று அமர இடமேது? அவ்விடத்தை டோல்ஸ்டோய் வெறுமையாக விட்டார். பதினெட்டு வயதுப் பெண்பிள்ளை அதிலே சென்று அமர்ந்திருந்தாள். நான் மூன்று புள்ளி இட்டேன்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில், உத்திகளை ஏன் எழுதவில்லை என்று அவளிடம் சற்றுக் கண்டிப்பாகவே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எப்படி அந்த வாக்கியத்தை மட்டும் பிடித்தாய் என்று கேட்டேன். அவளுடைய தாய் குவைத்திலே வீட்டுவேலை பார்ப்பவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"அம்மா ரெண்டு வருஷத்தால வரேக்க எனக்குச் சட்டை கொண்டு வந்தவ, சேர். அது எனக்கு அளவில்லை. போகேக்க நான் சின்னன்தானே. அம்மா ஒண்டும் சொல்லேல்லை. மடிச்சுத் திருப்பிப் பெட்டிக்குள்ள வைச்சவ."

வகுப்பு அமைதியாக இருந்தது. அடுத்த பாடத்துக்கு மணி அடித்தது. விடைத்தாளை இங்கே கொடு, பிள்ளை என்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.